மூப்பும் இசையின்பமும்

பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்னும் நான்கனுள் மூப்பு ஒன்றே நாள்தோறும் சிறிது சிறிதாக வருவது. பிறப்பு ஒரு நாள் நிகழ்ச்சி, சாக்காடும் அத்தகையதே. பிணி வரும், மருந்தால் நீங்கவும் கூடும். மூப்போ, வந்தது என்று நாம் அறிவதற்கு முன்னரே வந்துவிடுகின்றது. கண்ணாடியில் நரையைக் கண்டு சிலர் அதனை அறிகின்றனர். மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கும்போது சிலர் அறிகின்றனர். என் நண்பர் ஒருவர் அதனைத் தம் கிதாரின் நரம்பில் அறிந்தார்.

அவர் பெங்களூரில் வாழ்பவர், தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், வயது 68. இளமையில், பல மாதச் சேமிப்பைக் கொடுத்துப் பழைய கிதார் ஒன்றை வாங்கி, கேட்டுக் கேட்டுத் தாமே பழகியவர். மேடை ஏறியவரல்லர். பணி முடிந்து வந்து, குளித்து, உணவுண்ட பின் அரை மணி நேரம் வாசிப்பது அவரது நெடுநாள் வழக்கம். சென்ற மழைக்காலத்தில் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கிதார் பழைய வேட்டியொன்றில் சுற்றப்பட்டுப் பரண்மேல் கிடந்தது. ஏன் என்று வினவினேன்.

"விரல் மடங்க மறுக்கிறது, ஐயா. முன்பு ஓடிய விரல் இப்போது நடக்கவே தயங்குகிறது. வாசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதுவுமன்றி, இந்த வயதில் மனத்தை அடக்கப் பழகாமல் நரம்பைத் தட்டிக்கொண்டிருப்பது முறைதானா என்றும் தோன்றுகிறது. பேத்தி கற்றுத் தரும்படி கேட்கிறாள். தவறாக வாசிப்பவன் எதைக் கற்றுத் தருவது?"

அவர் கூற்றில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. கைத்திறன் குறைந்த பின்னர் இசையில் இன்பம் காண்பது இயலுமா என்பது ஒன்று. இயலுமாயினும், முதுமையில் அவ்வின்பத்தை நாடுவது தகுமா என்பது மற்றொன்று. முன்னது உடலைப் பற்றியது; பின்னது ஒழுக்கத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மில் பலர், உடல் தளர்ந்ததால் கைவிட்ட ஒன்றைத் துறவு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கின்றோம். ஆதலின் இவற்றைத் தனித்தனியே ஆராய்வது நன்று.

முதற்கண், முதுமை கிதார் வாசிப்போனிடமிருந்து எதை எடுத்துக்கொள்கின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அச்சம் எப்பொழுதும் கணக்குக்கு மிகுதியாகவே மதிப்பிடும்.

விரல் மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்கின்றது. தசைநார்கள் இறுகுகின்றன. அதனால் விரல் விரிந்து எட்டும் தொலைவும், ஒரு மெட்டினின்று மறு மெட்டிற்குத் தாவும் விரைவும் குறைகின்றன. இது மெய்யான இழப்பே. எனினும் இதற்கு ஓரளவு பரிகாரமும் உண்டு. நைலான் நரம்புகள் ஆறும் பூட்டிய கிதாரின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுக் கம்பிகள் பூட்டியதில் அது 70 கிலோ அளவிற்கு உயரும். எஃகினின்று நைலானுக்கு மாறிய அளவிலேயே விரலின் சுமை பெரிதும் குறைந்துவிடும். மேலும், நரம்பின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப அமைவது. ஆதலின் எல்லா நரம்புகளையும் ஒரு முழுச் சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டினால், இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். முறுக்காணியைச் சிறிது தளர்த்துவதே இதற்குப் போதும், பொருட்செலவு இல்லை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதினும், இடையிடையே ஓய்வு கொண்டு பத்துப் பத்து நிமிடமாக வாசிப்பது மூட்டுகளுக்கு இதம் தரும். வலி எழுந்தால் நிறுத்திவிட வேண்டும். வலியோடு போராடுவது வீரமன்று.

செவியின் நிலை யாது? முதுமையில் செவி முதலில் இழப்பது மிக உயர்ந்த ஒலிகளை. பறவையின் கீச்சொலியும், பேச்சில் வரும் மெல்லிய மெய்யொலிகளும் முதலில் மங்குகின்றன. கிதாரின் தடித்த நரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. மெல்லிய நரம்பு ஏறத்தாழ 330 முறை அதிர்வது. அதனைப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினாலும் 660 முறையே. முதுமை முதலில் தொடும் ஒலிகள் இவற்றுக்கு மிக மேலே உள்ளவை. எனவே பொதுவாக, இசையின் மினுக்கம் சிறிது குறையுமே தவிர அதன் உடல் நிலைத்து நிற்கும். பேரப்பிள்ளைகளின் விரைந்த பேச்சு விளங்காது தவிக்கும் பெரியவர்கள், தாழ்ந்த சுருதியில் எழும் நரம்பொலியைத் தெளிவாகக் கேட்டு மகிழ்வது இதனாலேதான்.

ஆக, முதுமை எடுத்துக்கொள்வது விரைவையும், எட்டும் தொலைவையும், ஒலியின் மினுக்கத்தையும். இவை சிறியவையல்ல. ஆனால் இவை மட்டுமே இசை என்று சொல்லவும் இயலாது. அங்ஙனமாயின், இசையின்பம் என்று நாம் சொல்வது எதை?

கூர்ந்து நோக்கினால் அது ஒரே இழையன்று. மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு என்பது புலனாகும். 'என்னால் இது இயலுகிறது' என்னும் ஆற்றலின் இன்பம் ஓரிழை. 'பிறர் என்னைப் புகழ்கின்றனர்' என்னும் புகழின் இன்பம் மற்றோரிழை. எழுந்து ஒலிக்கும் ஒலியைக் கேட்கும் இன்பம் மூன்றாவது. இளமையில் இம்மூன்றும் இறுக முறுக்கியிருப்பதால் எது எது என்று நாம் பிரித்தறிவதில்லை. முதுமை வந்து முதலிரண்டு இழைகளையும் தளர்த்துகின்றது. அப்பொழுது கயிறே அறுந்துவிட்டது என்று எண்ணிப் பரண்மேல் எறிந்துவிடுகின்றோம். மூன்றாம் இழை அறுபடாமல் இருக்கின்றதா என்று பார்ப்பதில்லை.

நண்பரின் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'வெட்கமாக இருக்கிறது' என்றார் அவர். எவர்முன் வெட்கம்? அவர் வீட்டில் அவையோர் எவருமில்லை. இருபது வயதிலிருந்த தம்மையே அவையில் அமர்த்தி, அவன்முன் அறுபத்தெட்டு வயதினர் நாணி நிற்கின்றார். பிறரோடு தன்னை ஒப்பிட்டு உயர்வு தாழ்வு காண்பது மானம் என்னும் மனமாசு என்பதை நாம் அறிவோம். கடந்துபோன தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிட்டு வருந்துவதும் அந்த மாசின் மற்றொரு வடிவமே. அது பணிவைப்போல் தோன்றுவதால் நாம் அதனை எளிதில் இனங்காண்பதில்லை.

இதற்குச் சான்றாகக் கிதாரின் வரலாற்றிலிருந்தே சிலரைக் காட்டலாம். ஸ்பெயின் நாட்டு லினாரஸ் நகரில் 1893 இல் பிறந்த ஆந்த்ரேஸ் செகோவியா, உணவு விடுதிக்கும் நடனத்திற்கும் உரியதென்று கருதப்பட்ட கிதாரைப் பெரிய இசையரங்குகளில் ஏற்றியவர். பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதை தனி வயலினுக்கென்று இயற்றிய 'சகோன்' என்னும் கடினமான படைப்பை 1935 இல் பாரிஸ் நகரில் கிதாரில் வாசித்துக் காட்டினார். விலங்குக் குடலால் செய்த நரம்புகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிடைத்தற்கரியன ஆனபோது, அமெரிக்காவில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பார் நைலான் நரம்புகளை உருவாக்க ஊக்கமளித்தவரும் அவரே. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் அவர் மேடையில் வாசித்தார். அவ்வயதில் இளமையின் விரைவு அவரிடம் இல்லை. ஆயினும் மக்கள் வந்து அமர்ந்து கேட்டனர்.

ஆங்கிலேயரான ஜூலியன் பிரீம் 1933 இல் பிறந்தவர். செகோவியாவிற்கு அடுத்த தலைமுறையில் முதன்மை பெற்றவர். அவர் வேறு வழியை மேற்கொண்டார். 2002 இல் கச்சேரி வாழ்வினின்று தாமே விலகினார். பின்னர்க் கீழே விழுந்து கையிலும் காயமுற்றார். எண்பது வயதை எட்டியபோது, எழுபதில் இருந்ததைவிடத் தாம் இப்போது மேலான இசைஞர் என்றும், அதனை மெய்ப்பிக்க மட்டும் தம்மால் இயலவில்லை என்றும் கருத்துத் தெரிவித்தார். இது வெறும் ஆற்றாமைச் சொல்லன்று. கை தளர்ந்தபோதும் இசையறிவு வளர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அவ்வறிவை உடையவரே தரும் சாட்சி இது. 2020 இல் அவர் மறைந்தார்.

இன்னும் ஒருவர் உளர். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் நாடோடிக் குடியினர் 1928 இல் தம் வண்டிவீட்டில் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் செயலிழக்கப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 18. எஞ்சிய இரண்டு விரல்களால் மெட்டுகளில் ஓடும் புதியதொரு முறையைத் தாமே அமைத்துக்கொண்டு, ஐரோப்பிய ஜாஸ் இசையில் தலைசிறந்தவர் ஆனார். அவரைத் துன்புறுத்தியது மூப்பன்று. ஆயினும் உடல் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும்போது மனம் இருப்பதைக் கொண்டு வழி தேடவல்லது என்பதற்கு அவரினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. முன்பிருந்த ஐந்து விரல்களை எண்ணிக்கொண்டே அவர் அமர்ந்திருந்தால், இருந்த விரல்களும் பயனற்றுப் போயிருக்கும்.

இவர்கள் எல்லோரும் பேராற்றல் வாய்ந்தவர்கள். நம்போன்றோர்க்கு இவர்கள் கதை பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதனால்தான் இப்பொழுது ஒரு வீட்டு வேலைக்காரியின் கதையைச் சொல்லப் புகுகின்றேன். நண்பரின் இரண்டாம் கேள்விக்கும் இக்கதையிலேயே விடையின் தொடக்கம் உள்ளது.

எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாப்பல் ஹில் நகரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். செகோவியா பிறந்த அதே 1893 ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, மாதம் ஒரு டாலர் அளவே கூலி பெற்றுப் பிறர் வீடுகளில் வேலை செய்தார். அக்கூலியைச் சேர்த்து 3 டாலர் 75 சென்ட் விலையில் ஒரு கிதார் வாங்கினார். இடக்கைப் பழக்கமுடையவர்; கற்றுத் தருவாரும் இல்லை. ஆகவே வலக்கையினர்க்கென நரம்பு பூட்டிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் பண்ணையும் மற்றை விரல்களால் அடிச்சுரங்களையும் எழுப்பும் தனிமுறையைத் தாமே வகுத்துக்கொண்டார். வீட்டருகே ஓடிய சரக்கு இரயிலின் ஓசையைக் கேட்டு வளர்ந்த அச்சிறுமி, பதினொன்று பன்னிரண்டு வயதிற்குள் 'ஃபிரைட் டிரெயின்' என்னும் பாடலை இயற்றினாள்.

பின்னர்த் திருமணம் ஆயிற்று. ஒரு மகள் பிறந்தாள். அவர் சார்ந்திருந்த திருச்சபையினர், உலகியல் பாடல்களை வாசிப்பது தகாது என்றனர். வீட்டுச் சுமையும் சேர்ந்தது. அவர் கிதாரைக் கீழே வைத்தார். நாற்பது ஆண்டுகள் ஏறத்தாழ அவ்வாறே கழிந்தன.

வாஷிங்டன் நகரில் ஒரு பெருங்கடையில் அவர் பணிபுரிந்த காலத்தில், வழிதவறி நின்ற ஒரு சிறுமியைக் கண்டு தாயிடம் சேர்ப்பித்தார். அத்தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர் என்னும் இசைப்படைப்பாளர். அதன் பயனாக அவ்வீட்டிலேயே வேலைக்கு அமர்ந்தார். இசை நிறைந்த அவ்வீட்டில் கிதாரும் இருந்தது. ஒரு நாள் அதனை எடுத்து வாசித்தார். அவ்வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வியந்தனர். நாற்பது ஆண்டு மௌனத்திற்குப் பின்னரும் விரல்கள் வழியை மறந்துவிடவில்லை. அவ்வீட்டு மகன் மைக் சீகர் பதிவு செய்த அவரது முதல் இசைத்தட்டு 1958 இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. 1967 இல் வெளிவந்த 'ஷேக் ஷுகரீ' என்னும் இசைத்தட்டில் தலைப்புப் பாடலைப் பாடியவள் பன்னிரண்டு வயதான அவரது கொள்ளுப்பேத்தி; கொள்ளுப்பாட்டி கிதார் வாசித்தார். 1984 இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலைச் சிறப்புநிலையும், தொடர்ந்து கிராமி விருதும் அவரை அடைந்தன. 1987 ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். செகோவியா மறைந்ததும் அதே ஜூன் மாதத்தில்தான். ஒரே ஆண்டில் பிறந்து ஒரே மாதத்தில் மறைந்த இவ்விருவருள் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நரம்பை விட்டுக் கை எடாதவர். மற்றவர் நாற்பது ஆண்டு அதனைத் தொடாதவர். இருவர் முதுமைக்கும் இசை பயன்பட்டது.

இக்கதையில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. அவ்வம்மையார் கிதாரைக் கைவிட்ட செயல் துறவா? துறவு என்பது ஒன்றன் இயல்பை உள்ளவாறு அறிந்து, அதன்பால் உள்ள பற்றினின்று விடுபடுவது. பிறர் தகாது என்று சொன்னதால் விடுவதும், நேரமில்லாமையால் விடுவதும், வெட்கத்தால் விடுவதும் துறவாகா. அவை இழப்புகள், சில வேளைகளில் தவிர்க்கவொண்ணாத இழப்புகள். திருச்சபையினரை நாம் பழிக்க வேண்டியதில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடே சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கிதார் நாற்பது ஆண்டுகள் மௌனமாக இருந்ததால் உலகில் எவருடைய துன்பம் குறைந்தது என்று கேட்டால், விடை கூறுவது அரிது.

இனி, நம் மரபு இதுபற்றி என்ன கூறுகின்றது என்று பார்ப்போம். இல்லறத்தார்க்கு உரிய ஐந்து சீலங்களுள் இசையைப் பற்றிய விலக்கு இல்லை. உபோசத நாளில் மேற்கொள்ளும் எட்டுச் சீலங்களிலேதான் ஆடல், பாடல், கருவியிசை ஆகியவற்றினின்று விலகியிருத்தல் வருகின்றது. இந்த வேறுபாடு ஆழ்ந்த பொருளுடையது. பிறரைக் கொல்லுதலையும் களவையும் பொய்யையும் விலக்குவதுபோல் இசையை எந்நாளும் விலக்க வேண்டுமென்று இல்லறத்தாரிடம் கேட்கவில்லை. குறித்த நாளில் அதனைக் கீழே வைக்க இயலுகிறதா என்றே கேட்கப்படுகின்றது.

இதனினும் சிறந்த சோதனை வேறு இல்லை என்பேன். உபோசத நாளில் கிதாரைச் சுவரில் மாட்டிவிட்டு, மனம் அதனைச் சுற்றி அலையாமல் அந்நாளைக் கழிக்கக்கூடுமாயின், இசை நம் கையில் உள்ளது. கழிக்க இயலாமற் போயின், நாம் அதன் கையில் உள்ளோம். அந்நிலையில் அதன்மீது கவனம் தேவை. வேறு சோதனைகளும் உண்டு. நோயாளி உறங்கும் அண்டை வீட்டின் சுவரோரம் இரவில் வாசிக்கின்றோமா? மனைவி தனியே அடுக்களையில் உழலும்போது நாம் பண்ணில் திளைக்கின்றோமா? வரவேண்டிய கூட்டத்திற்கும் செய்யவேண்டிய உதவிக்கும் கிதார் தடையாகின்றதா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை கூறக்கூடியவருக்கு, முதுமையில் இசை தகாது என்று எவரும் சொல்லவேண்டியதில்லை.

பகவர் இசையை அறியாதவர் அல்லர். சக்கன் வினவிய வரலாற்றைக் கூறும் சுத்தத்தில், கந்தருவனான பஞ்சசிகன் அவர்முன் வீணை வாசித்துப் பாடுகின்றான். அவன் பாட்டில் காதலும் கலந்திருந்தது. பகவர் அவனைக் கடியவில்லை. நரம்பின் ஒலியும் மிடற்றின் ஒலியும் ஒன்றையொன்று மீறாமல் இயைந்திருந்ததை எடுத்துரைத்தார். செவியுடையவரே அவ்வாறு சொல்லக்கூடும். நம் காலத்தில், நமக்கு இவ்வழியைக் காட்டிய பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள், ஓயாத பணிகளுக்கும் உடல்நலிவுக்கும் இடையே, வாழ்வின் பிற்பகுதியில் வயலின் பயில முற்பட்டதையும் நாம் நினைவு கூரலாம். மேடைக்காக அவர் பயின்றாரல்லர்.

சோணர் என்னும் துறவியின் வரலாறு நம் இல்லங்களில் பலமுறை சொல்லப்பட்டது. இல்லறத்தில் இருந்தபோது வீணையில் வல்லவராயிருந்த அவர், துறவேற்ற பின் கால்களில் குருதி கசியும்வரை நடந்து தவம் முயன்றும் பயன் காணாது சோர்ந்தார். மிக முறுக்கிய நரம்பும் மிகத் தளர்ந்த நரம்பும் இசை தாரா என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, முயற்சிக்கும் அத்தகைய சமநிலை வேண்டுமென்று பகவர் உணர்த்தினார். இவ்வுவமையை நாம் வழக்கமாகத் தவத்திற்கே பொருத்துகின்றோம். முதியோரின் கிதாருக்கு அதனைச் சொல்லுக்குச் சொல் பொருத்தலாம். சுருதியை ஒரு சுரம் தாழ்த்துவதில் இழிவு என்ன? இருபது வயதின் முறுக்கத்தை அறுபத்தெட்டு வயதின் விரலிடம் கேட்பது மிகை. வாசிப்பையே விட்டுவிடுவது குறை. அவ்வுடலுக்கு ஏற்ற சுருதியைக் கண்டு கூட்டிக்கொள்வதே நடுவழி.

மற்றோர் உண்மையும் இக்கருவியில் அடங்கியுள்ளது. வயலினில் வில் இழுக்கும்வரை ஒலியை நீட்டலாம். புல்லாங்குழலில் மூச்சுள்ளவரை நீட்டலாம். கிதாரில் அவ்வாறு இயலாது. நரம்பை மீட்டிய அக்கணத்திலேயே ஒலி தேயத் தொடங்குகின்றது. எத்தகைய வல்லுநனாலும் அதனைப் பிடித்து நிறுத்த முடியாது. அடுத்த ஒலியை எழுப்பலாமே அன்றிச் சென்ற ஒலியை மீட்க இயலாது. அநித்தம் என்பதை நூலில் படிக்கின்றோம்; கூட்டத்தில் கேட்கின்றோம். கிதாரை மடியில் வைத்திருப்பவன் அதனை விரல் நுனியில் உணர்கின்றான். ஒலி தேய்வது கண்டு எவரும் அழுவதில்லை. தேய்வதால்தான் அடுத்த ஒலிக்கு இடம் உண்டாகின்றது. தேயாவிடின் அது இசையாகாது, இரைச்சலாகும். இளமையும் அவ்வாறு தேய்ந்த ஓர் ஒலியே என்று கொண்டால், அதற்காக அழவேண்டியது என்ன?

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். 'கேட்கும் இன்பமும் புலனின்பமே. அதுவும் பற்றிற்கு வித்தே. முதியோர் அதனையும் விடுவதன்றோ சிறப்பு?' என்று ஒருவர் கேட்டால், அதனை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். வீடு துறந்தோர்க்கு அது மெய்யே. இல்லறத்திலும் ஒருவர் உண்மையாகவே அந்நிலையை அடைந்து, கனிந்த பழம் காம்பை விடுவதுபோல் இசையை விட்டாராயின் அவரை வணங்குவோம். ஆனால் காயாக இருக்கையில் பறித்து எறிவது கனிதல் ஆகாது. விட்ட இடத்தில் என்ன வந்து அமர்கின்றது என்று பார்க்க வேண்டும். அமைதி வந்து அமர்ந்தால் நன்று. சலிப்பும், பழங்கதையும், மருமகள்மீது குறை காணலும் வந்து அமர்ந்தால், அதனினும் அந்தக் கிதாரே மேலன்றோ?

நண்பரிடம் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. பேத்தியைப் பற்றி மட்டுமே அன்று சிறிது பேசினேன். "தவறில்லாமல் வாசிக்கும் பல இசைப்பதிவுகள் அவளுக்குக் கிடைக்கும். தவறு நேர்ந்தபின் முகம் சுளிக்காமல் மீண்டும் தொடங்குவது எப்படி என்று காட்ட அவளுக்கு ஒருவர் வேண்டும். அதற்குத் தங்களைப்போல் தகுதியுடையவர் வேறு எவர்?" என்றேன். அவர் விடை கூறவில்லை. தேநீர் வந்தது; பேச்சு வேறு திசையில் சென்றது.

சில வாரங்கள் கழித்து மீண்டும் சென்றேன். கிதார் பரணில் இல்லை. எஃகுக் கம்பிகள் கழற்றப்பட்டிருந்தன. பழைய கிதாரைக் கடையில் காட்டி, அதற்கு ஏற்ற நைலான் நரம்புகளைப் பூட்டி, ஒரு சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டியிருந்தார். பேத்தி பக்கத்தில் அமர்ந்து, முதல் நரம்பை முதல் மெட்டில் அழுத்தி, விரல் நுனி வலிக்கிறதென்று சிணுங்கிக்கொண்டிருந்தாள். "எனக்கும் வலிக்கிறது, அம்மா, இரண்டு பேருமே சற்று நேரம் நிறுத்துவோம்" என்றார் அவர். இளமையின் வலியும் மூப்பின் வலியும் ஒரே பாயில் அமர்ந்திருப்பதைக் கண்டேன். முன்னது சில வாரங்களில் விரல் காய்த்து நீங்கிவிடும், பின்னது நீங்காது. அதனை அவர் அறிந்தே அமர்ந்திருந்தார்.

ஆதலின், மூப்படைந்த அன்பர்களுக்கும் மூப்பை நோக்கிச் செல்லும் நம் எல்லோர்க்கும் நான் கூறுவது இதுவே. கிதாராயினும், ஆர்மோனியமாயினும், வெறும் மிடறாயினும், இளமையில் நாம் நேசித்த இசையை வெட்கத்தின்பொருட்டுக் கைவிட வேண்டா. கைவிட்டு அதற்குத் துறவு என்று பெயரிடவும் வேண்டா. உபோசத நாளில் அமைதியோடு கீழே வைப்போம். மற்றை நாட்களில், கடமை முடிந்தபின், அயலார்க்கு ஊறு நேராவண்ணம், உடலுக்கேற்ற சுருதியில் வாசிப்போம். எழும் ஒலியைக் கேட்போம். அது தேய்வதையும் முழுமையாகக் கேட்போம். கற்க விரும்பும் பிள்ளை அருகில் இருந்தால் இடம் விட்டு அமர்வோம்.